முதல் பத்து நிமிடம்

ஜூன் 4

வாண்டுக்கு,

அன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். உன் அப்பா. உன் அம்மா. உன் சின்ன அத்தை, கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு. மாடி வீட்டுப் பல் டாக்டர், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், ஏணியோடு. பிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர், தலை பிரிட்ஜுக்குப் பின்னால், காது மட்டும் இந்தப் பக்கம். கடைசியாக நீ, மேசைக்கு அடியில், புத்தகத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு. "மூக்கால படிக்கிறா பாரு" என்று சின்ன அத்தை சிரித்தாள்.

இத்தனை பேர் முன்னிலையில்தான் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போவதாக உன் அம்மா சொன்னாள். "என்னை மூணாவதோட நிறுத்தினாங்க, அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல. இவளை நிறுத்தாதே" என்றேன். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது அத்தை" என்றாள். ரிப்பேர்காரர் திருப்புளியைச் சுற்றுவதையே நிறுத்திவிட்டார். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவளிடம் பேசவில்லை. பேசவும் போவதில்லை.

உன் துண்டுச் சீட்டு கிடைத்தது. நீ படம் பார்த்து எழுதுவாய், படத்தைப் பார்க்காத ஒருவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும், அதுதான் பாடம், சரி. கம்ப்யூட்டர் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதால் என்னிடம் வந்திருக்கிறாய். கேட்கிறேன். உனக்காக, உன் அம்மாவுக்காக இல்லை.

முழங்கால் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மற்றபடி குறையில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

பாட்டி


ஜூன் 15

அன்புள்ள பாட்டிக்கு,

நான் சுகம். உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

பாடம் இப்படி. பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் இருக்கும் ஓவியங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கின்றன. வாரம் ஒன்றை அம்மா எடுப்பாள். முதல் பத்து நிமிடம் சோபாவில் உட்கார்ந்து டிவியில் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. அப்புறம் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வரைந்தவரின் தூரிகை முடி ஒன்று பெயிண்டில் ஒட்டிக்கொண்டதுகூடத் தெரியும்!

இந்த வாரம்: வெள்ளைத் துணி விரித்த மேசை. எலுமிச்சம்பழம் பாதி தோல் உரித்து. தோல் சுருளாகத் தொங்குகிறது. அதன் மேல் ஒரு ஈ. ஈக்கு ஐந்து கால்தான் இருக்கிறது, ஆறாவதை மறந்துவிட்டார் அல்லது ஈயே தொலைத்துவிட்டது. கத்தியின் பிடியில் ஒரு கீறல்.

அக்டோபரில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவார். போதாது என்று சொன்னால் மறுபடி அதே பள்ளி, அதே வகுப்பு. ஏன் நின்றேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அது மூன்று கேள்வியில் சேராது.

அன்புடன்,
வாண்டு


ஜூன் 24

வாண்டுக்கு,

கேட்காதே என்றால் கேட்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

மூன்று கேள்வி. ஒன்று: அந்த மேசைத் துணியில் மடிப்புக் கோடு தெரிகிறதா? இரண்டு: நீளத்தில் எத்தனை, அகலத்தில் எத்தனை? மூன்று: கோடு விறைப்பாக இருக்கிறதா, அமுங்கிப் போயிருக்கிறதா?

சிரிக்காதே. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் விரிப்பு மடித்தவள் நான். கோடு விறைப்பாக இருந்தால் துணி அன்றைக்குத்தான் அலமாரியிலிருந்து வந்தது, யாரோ வெளியாள் வரப்போகிறார். அமுங்கியிருந்தால் வீட்டு ஆட்கள்தான், நாலு நாளாக அதே துணி. படம் போட்டவரை ஏமாற்றலாம், துணியை ஏமாற்ற முடியாது.

இருமல் வந்து போய்விட்டது. உன் அப்பாவுக்கு இருமல் இருந்தால் வெந்நீர் குடிக்கச் சொல்.

பாட்டி


ஜூலை 6

அன்புள்ள பாட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் இல்லை, வேலைதான்.

கோடு இருக்கிறது! நான் பார்க்கவே இல்லை. நீளத்தில் மூன்று, அகலத்தில் ஒன்று. கத்தி மாதிரி விறைப்பு. யாரோ வரப்போகிறார்! அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரிந்த படமாம், கோட்டைக் கவனித்ததே இல்லையாம். "கேளு, இன்னும் கேளு அவங்களை" என்றாள்.

புதுப் படம்: பதினான்கு பேர், ஒரு நாய். சிவப்புத் தொப்பிக்காரர் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார். ஒரு பெண் கையை இரண்டு பக்கமும் விரித்திருக்கிறாள். ஒரு குண்டு மனிதர் உட்கார்ந்தபடி வாயைத் திறந்திருக்கிறார், பக்கத்தில் அவர் ஷூ தனியாக. நாயின் நான்கு காலும் நான்கு திசையில். ஏதோ நடனம் என்று நினைக்கிறேன். குண்டு மனிதருக்கு ஆடத் தெரியவில்லை.

அன்புடன்,
வாண்டு


ஜூலை 17

வாண்டுக்கு,

மழையில் கூரை ஒழுகியது, ஆள் வைத்து அடைத்தாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை.

மூன்று கேள்வி. நாயும் நடனம் ஆடுமா? வாத்தியம் வாசிப்பவர் எங்கே? இவர்கள் எல்லோரும் எதன் மேல் நிற்கிறார்கள்?

இன்னொன்று, இது கேள்வி இல்லை. நீ எழுதியது எனக்கு மனப்பாடம். ஈயின் கால் ஐந்து, கத்தியில் கீறல், சிவப்புத் தொப்பி, தனி ஷூ. மேசை எந்த அறையில் இருந்தது என்று நீ எழுதவில்லை. சுவர் இல்லை, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. இந்தப் பதினான்கு பேருக்கும் தலைக்கு மேலே ஆகாயம் இல்லை, காலுக்குக் கீழே தரை இல்லை. அந்தரத்தில் தொங்குகிறார்களா?

பாட்டி


ஜூலை 30

அன்புள்ள பாட்டிக்கு,

சுகம். கூரை சுகமா?

அது உறைந்து போன ஆறு! அம்மாதான் சொன்னாள். அவர்கள் ஆடவில்லை, வழுக்குகிறார்கள்! பின்னால் பாலம் இருக்கிறதாம், மரங்கள், வீடுகள், பெரிய ஆகாயம். படத்தில் முக்கால்வாசி ஆகாயம்தானாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நுணுக்கமா பாக்குறவங்க இப்படித்தான், முழுசா பாக்க மறந்துடுவாங்க" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். டிவியில் எல்லா நிறமும் ஒன்றில் ஒன்று கரைந்து கிடக்கும். லேப்டாப்பில்தான் படமே ஆரம்பிக்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்வளவு பொறுமையா பாக்குறா" என்பாள். நான் நூறு வரை எண்ணுவேன், மறுபடி நூறு.

அன்புடன்,
வாண்டு


ஆகஸ்ட் 8

வாண்டுக்கு,

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நான் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்தை விடமாட்டேன்.

சலவைக்கூடத்தில் நெட்டை என்று ஒருத்தி இருந்தாள். கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை, எட்டி நின்று விரித்து, பிறகு கிட்டே வந்து சேர்க்க வேண்டும். கிட்டே வந்தால் நெட்டை ராணி. எட்டி நின்றால் என் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது, அந்தரத்தில் துழாவுவாள். கறை இருக்கிறதா என்று விரிப்பை முகத்தில் வைத்துப் பார்ப்பாள். "மோப்பம் பிடிக்கிறாடி" என்று நாங்கள் கேலி செய்தோம். ஆறு வருஷம் கேலி செய்தோம். ஏழாம் வருஷம் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி ஒரே நிமிஷம் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

இந்தத் தடவை கேள்வி ஒன்றுதான். அடுத்த படத்தை டிவியில் மட்டும் பார். லேப்டாப்பைத் தொடாதே, அம்மாவிடம் கேட்காதே. சோபாவிலிருந்து என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுது. ஒன்றுமே தெரியாவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை என்று எழுது. என்னிடம் மார்க் கிடையாது.

உன் அப்பாவின் அலுவலகத்துக்கும் இன்றே ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி


செப்டம்பர் 12

அன்புள்ள பாட்டிக்கு,

நலமா? நான் நலம் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் சுவர், கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாம் இருந்தது. எல்லாம் நானே போட்டது. நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று கிழித்துவிட்டேன்.

சோபாவிலிருந்து தெரிந்தது: பழுப்பு. நடுவில் ஒரு வெள்ளை. அவ்வளவுதான்.

கரும்பலகையும் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வேன். அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றினார்கள். அப்புறம் டீச்சர், "எழுந்து நின்னு பலகையில இருக்கிறதைப் படி" என்பார். நான் நிற்பேன். "வாய்ல கொழுக்கட்டையா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தினமும் என்னைத்தான் எழுப்புவார். பாட்டி, மற்றவர்கள் எல்லோரும் வீட்டிலேயே பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நானும் புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தேன். ஆனால் அவர் புத்தகத்தில் இல்லாததையும் எழுதுவார்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். இவ்வளவு நாள் அந்தப் பத்து நிமிடமெல்லாம் வீண் என்று அழுவாள். மேற்பார்வையாளர் வர இன்னும் ஒரு மாதம்தான்.

வாண்டு


செப்டம்பர் 16

மருமகளுக்கு,

நானாக உனக்கு எழுதுகிறேன். பதின்மூன்று வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். நீ சொன்னதை நான் மறக்கவில்லை, அது தன் இடத்தில் இருக்கட்டும்.

குழந்தையின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். சொல்லாதே என்று கேட்டிருக்கிறாள், நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவளைத் திட்டாதே. அவள் முன்னால் அழாதே. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழு, நான் அப்படித்தான் செய்வேன்.

ஐந்து வாரம் முன்பே உன் புருஷனுக்கு எழுதினேன், "அவளைக் கண் டாக்டரிடம் காட்டு" என்று. அவன் உன்னிடம் சொல்லியிருப்பான் என்று இருந்தேன். உன்னிடம் நேராகச் சொல்ல எனக்கு ரோஷம். என் ரோஷத்துக்கு அந்தப் பிள்ளை ஐந்து வாரம் சோபாவில் உட்கார்ந்து நூறு நூறாக எண்ணியிருக்கிறது.

நாளைக்கே போ. நாளை மறுநாள் இல்லை. உன் உடம்பும் சௌக்கியமா?

அத்தை


செப்டம்பர் 25

மரியாதைக்குரிய அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி மறுநாளே போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் நான்கு. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார்.

கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தால் ஆர்வம் என்று நினைத்தேன். ஈயின் காலை எண்ணினால் திறமை என்று நினைத்தேன். அவள் பள்ளியில் அழுகிறாள் என்று தெரிந்ததும் பள்ளிதான் சரியில்லை என்று முடிவு செய்தேன். வீட்டில் எது வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்து கொடுத்தேன். நான் கண்டுபிடிக்க முடியாதபடி நானே செய்துவிட்டேன் அத்தை.

உங்கள் பிள்ளையிடம் உங்கள் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "வந்துச்சு, டிராயர்ல இருக்கு, படிக்கணும்னு எடுத்து வச்சேன்" என்றார். காப்பீட்டு அலுவலகத்தில் பாலிசிக் கட்டுகளுக்கு நடுவில் இருந்ததாம், உறை பிரிக்காமல்.

அன்று எல்லோர் முன்பும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 19

அன்புள்ள பாட்டிக்கு,

சுகம்! சுகம்! முழங்கால் எப்படி?

கண்ணாடி நீல நிறம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அரிக்கிறது. பஸ் தூரத்தில் வரும்போதே நம்பரோடுதான் வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? கிட்டே வந்து நின்ற பிறகுதான் அதற்கு நம்பர் வரும் என்று நினைத்தேன். இன்னொன்று. நான் கூடத்தில் படிக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இவ்வளவு வருஷமும் சிரித்திருக்கிறாள். நான் ஒரு தடவைகூடத் திரும்பச் சிரித்ததில்லை. இப்போது சிரிக்கிறேன்.

நேற்று மேற்பார்வையாளர் அம்மா வந்தார். அப்பாவும் லீவு போட்டு இருந்தார். நான் பார்த்திராத படம் ஒன்றை மேற்பார்வையாளரே டிவியில் போட்டு, "உன் அம்மா பாடம் நடத்துற மாதிரியே செய்வோம். சோபாவிலிருந்தே சொல்லு" என்றார்.

"ஒரு காலி அறை. கதவு திறந்திருக்கு. அதுக்குள்ள இன்னொரு அறை. அங்க ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் திரும்பி இருக்கு. அது மேல ஒரு துண்டு" என்றேன்.

"துண்டைப் பத்தி என்ன தோணுது?"

"மடிக்கல. தூக்கிப் போட்டிருக்கு. யாரோ அவசரமா போயிருக்காங்க, ஆனா திரும்பி வருவாங்க. வரமாட்டாங்கன்னா மடிச்சிருப்பாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. எங்க பாட்டி கேள்விதான் கேப்பாங்க."

அப்புறம் என் பழைய பள்ளிக் கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு மஞ்சள் தாளில் நின்றார். அதைப் பார்த்தார். என் கண்ணாடியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"சார், இது உங்க கையெழுத்தா?"

அப்பா வாங்கிப் பார்த்தார். பள்ளியில் கண் பரிசோதனை செய்த சீட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால். உடனே கண் டாக்டரிடம் காட்டவும் என்று இருந்தது. கீழே அப்பாவின் கையெழுத்து.

"என் கையெழுத்துதான்" என்றார். "இதை நான் பாத்ததே இல்ல."

எனக்கு ஞாபகம் வந்தது. நான்தான் ஒரு நாள் காலையில் நீட்டினேன், அவர் ஷூ போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

வீட்டிலேயே தொடரலாம் என்று மேற்பார்வையாளர் எழுதிக் கொடுத்துவிட்டார்! ஆனால் எனக்கு ஒரு தடவை அந்த வகுப்பில் போய் உட்கார்ந்து பலகையில் என்னதான் எழுதுவார்கள் என்று பார்க்க ஆசை. அம்மா கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அப்பா ராத்திரி சாப்பிடவில்லை. நான் பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டேன். சீட்டின் நகலை அம்மா இதோடு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
வாண்டு


அக்டோபர் 28

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை, அவன் வீட்டில் இருக்கும்போது, ஷூ போட்டிராத நேரமாகப் பார்த்துச் சத்தமாகப் படி. கையில் கொடுக்காதே. கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்துவிடுவான்.

குழந்தை எங்கே படிக்க வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடம்தான் என்பேன், சாகும்வரை அதைத்தான் சொல்வேன். ஆனால் படம் பார்க்கும் பாடத்தை நிறுத்தாதே. துண்டைப் பற்றி அவள் சொன்னது எனக்கே தோன்றியிருக்காது. அந்த நாற்காலி ஏன் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவளைக் கேட்டு எழுது, நேற்றிலிருந்து அதுதான் என் மண்டையைக் குடைகிறது.

நீ எனக்குப் புரியாது என்று சொன்னதை விட்டுவிட்டேன். விட்டது எனக்கே பிடிக்கவில்லை, என்ன செய்வது, அடுத்த நாளே டாக்டரிடம் போனவள் நீ. என் ஐந்து வாரத்துக்கு நான் குழந்தையிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். அந்த டீச்சர் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்க்கவில்லை, நாங்கள் ஒரு நெட்டையை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் பார்க்கவில்லை. அவரையும் விட்டேன்.

மஞ்சள் சீட்டைப் படித்தேன். மொத்தம் ஒன்பது வரி. மூன்றாவதோடு நின்றவளுக்கு, எழுத்துக்கூட்டி, ஒரு வாய் டீ ஆறுகிற நேரம் ஆயிற்று. ஒரு வாய் டீ. இவனுக்கு அலுவலகத்தில் தினம் இருநூறு காகிதம் வருகிறதாம், என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அந்த இருநூறில் ஒன்றிலும் அவன் மகள் இல்லை. அவள் இருந்த காகிதம் இரண்டு: என் கடிதத்தின் உறையைப் பிரிக்கவில்லை, இந்தச் சீட்டில் பேனாவை மட்டும் வைத்தான். கையெழுத்து அழகு, அடியில் இரண்டு கோடு வேறு.

குழந்தை பரவாயில்லப்பா என்று சொல்லிவிட்டாளாம். அவளுக்குப் பத்து வயசு, சொல்வாள். நீயும் போகப் போக விட்டுவிடுவாய், ஒரே வீட்டில் இருக்கிறவள். எனக்கு எழுபத்துமூன்று. நான் தூரத்தில் இருக்கிறேன், எனக்கு இங்கிருந்து நன்றாகத் தெரிகிறது.

சாப்பிடச் சொல். பட்டினி கிடந்தால் நான் இரங்கிவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் சௌக்கியமாக இருங்கள். மன்னிக்கப் போவதில்லை என்று நான் வைத்திருக்கும் ஆள் இனி ஒருவன்தான்: நான் பெற்ற மூத்த பிள்ளை, உன் புருஷன், அவள் அப்பா.

அத்தை